பேச வேண்டாத காசு

என் கணவருக்குக் குரல்வளையை எடுத்த பிறகு எங்கள் வீட்டில் முதலில் நின்றுபோனது போன் மணிதான்.

அதற்கு முன்பு அது ஓயாது. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். எந்த ஊருக்கு என்ன லோடு போகிறது, திரும்பி வருவதற்குச் சரக்கில்லாமல் எந்த லாரி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அசாமில் நிற்கும் டிரைவரிடம் அரைகுறை இந்தியில் பேசிவிட்டு, அதே மூச்சில் லாரி முதலாளியிடம், "வண்டி வந்துட்டே இருக்குதுங்க, நீங்க எதுக்குக் கவலப்படறீங்க" என்பார். சத்தமான ஆள். நான் ஒரு கோழித் தீவன மில்லில் கணக்குப் பார்க்கிறேன். வேலை நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டால், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வேன். மில் மெஷின் ஓடும்போதே பக்கத்து மேஜைக்கு அவர் குரல் கேட்கும். "அண்ணன் நாமக்கல்லுல இருந்து பேசறாரா, இல்ல ஜன்னலுக்கு வெளிய நின்னு பேசறாரா?" என்று கேலி செய்வார்கள்.

தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் மிளகுப் பால் குடித்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் பார்த்தபோது புற்றுநோய் என்றார்கள். குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டியிருந்தது. கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டு, இனி அதன் வழியாகத்தான் மூச்சு என்றார்கள். மூக்கு இருந்தது, ஆனால் மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் போய்விட்டது. தாளிக்கும் வாசம்கூட அவருக்குத் தெரியவில்லை.

அந்தத் துளையின்மேல் ஒட்டுவதற்கு ஒரு வடிகட்டி உண்டு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் பஞ்சு வைத்து இருக்கும். "மூக்கு தூசிய நிறுத்தும், காத்த ஈரமாக்கி உள்ள அனுப்பும். இனிமே அந்த வேலைய இது செய்யோணும். தினமும் மாத்துங்க" என்றார் டாக்டர். அது எங்கள் பக்கத்தில் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து வரவழைத்தால் வரும், சில மாதம் வராது. விலையும் கண்ணைக் கட்டியது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பிதான் வெளிநாட்டுக் கடை ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தான். பாதி விலைதான் வந்தது. இவர் தன்னுடைய கார்டில் பணம் கட்டினார். சற்று நேரத்தில் பேங்கிலிருந்து போன் வந்தது. வெளிநாட்டுக்குப் பணம் போவதால் சரிபார்க்கிறார்களாம். நான் எடுத்து, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார்கிட்டப் பேசணும் மேடம்" என்றது ஒரு பெண் குரல்.

"அவருக்குப் பேச முடியாதுங்க. தொண்டையில ஆபரேஷன். நான் அவரு சம்சாரம். பக்கத்துலதான் இருக்காரு."

"கார்டு சார் பேர்ல இருக்கு மேடம். அவரே பேரும் பிறந்த தேதியும் சொன்னாத்தான் எங்களால அனுமதிக்க முடியும்."

"குரலே இல்லைங்க அவருக்கு. எடுத்துட்டாங்க."

"புரியுது மேடம். சார் எப்பப் பேசுவாருன்னு சொன்னீங்கன்னா, அந்த நேரத்துக்கு நாங்களே கூப்பிடறோம்."

அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். கழுத்துத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உதடுகளை அசைத்து எதையோ சொன்னார். வெறும் காற்றுதான் வந்தது, சைக்கிள் ட்யூபிலிருந்து வருவதுபோல.

"ஹலோ? ஹலோ? லைன் சரியில்லைங்க மேடம்" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மில்லில் நானும் கையெழுத்து ஒத்துவராத செக்கைத் திருப்பி அனுப்புகிறவள்தான்.

என் கார்டில் கட்டுகிறேன் என்றேன். அவர் எழுதி அழிக்கிற சிறு பலகை ஒன்றை எப்போதும் மடியில் வைத்திருப்பார். அதில் எழுதினார்: "எனக்கு வேண்டியத நானே வாங்கோணும்."

ஆபீஸை ஏற்கெனவே பங்காளிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். பேச முடியாதவர் லாரி புக்கிங்கில் என்ன செய்வது? நாள் முழுவதும் வீட்டில் இருந்தார். தன்னைப்போல் குரல்வளை இழந்தவர்கள் பல நாடுகளிலிருந்து எழுதிக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். அங்கே எல்லோரும் தட்டச்சு செய்கிறவர்கள்தான். நான் மில்லிலிருந்து வரும்போது பெரும்பாலும் அதில்தான் இருப்பார். அந்தக் குழுவில் ஒருவர், அதே கடை கிரிப்டோ காசையும் வாங்கிக்கொள்ளும், அப்படிக் கட்டினால் விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பலகையை நீட்டினார். "பேங்கு வேண்டாம். யாரும் கூப்பிட மாட்டாங்க."

கிரிப்டோ என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், மில்லில் லோடு ஏற்றும் ஒருவர் நண்பர் பேச்சைக் கேட்டு எதிலோ போட்டுத் தொலைத்த கதைதான். இது அப்படி இல்லை, முதலீடு இல்லை, சாமான் வாங்குவதற்கு மட்டும்தான் என்று எழுதினார். ஆப்பில் ரூபாயைக் கொடுத்துக் காயின் வாங்குவது, கடைக்காரரின் முகவரிக்கு அதை அனுப்புவது, அவ்வளவுதான். முகவரி என்பது நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை.

"அனுப்பிச்சது தப்பான ஆளுக்குப் போயிருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"திரும்பி வராது" என்று எழுதினார். மறைக்கவில்லை.

"என்னுங்க இது? மில்லுல ஒரு ரூபா தப்பாப் போனாலும் எனக்கு ஒரு மேனேஜர் இருக்காரு, ஒரு பேங்கு இருக்குது, சண்ட போட ஒரு ஆளு இருக்குது. யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க, சரி. நாம கூப்பிடோணும்னா யாரைக் கூப்பிடறது?"

பலகையை அழித்தார். பிறகு எழுதினார். "இப்ப மட்டும் நான் யாரைக் கூப்பிடறேன் அம்மிணி?"

அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த ஆப்பில் கணக்குத் தொடங்க, முகத்தைக் கேமராவில் காட்டி, திரையில் வரும் எண்களை வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது. இது எனக்கு முதலில் தெரியாது. சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ரேடியோ பழுதானால் கேட்குமே, அப்படி ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரல். "ஏழு. ரெண்டு. ஒம்போது." கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

தாடைக்கு அடியில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து, வாயின் அசைவைச் சத்தமாக்கும் ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். டீக்கடையில் ஒருமுறை அதில் பேசியபோது யாரோ சிரித்துவிட்டதால் அலமாரிக்குள் போட்டுவிட்டார். என்னிடம்கூட அதில் பேசியதில்லை. நானும் கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டேன். இப்போது ஒரு செல்போன் ஆப்பிற்காக அதை எடுத்துக் கழுத்தில் வைத்து, முதல்முறை சரியாக வராமல் மறுபடியும், பள்ளிக்கூடப் பையனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். "ஏழு. ரெண்டு. ஒம்போது. நாலு."

கதவோரம் நின்று கேட்டேன். அது அவர் குரல் இல்லை. ஆனால் ஒன்பதை அவர் எப்போதும் சொல்வதுபோல் "ஒம்போது" என்று சொன்னது. கருவியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். ஏதாவது பேசுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

முதல் பார்சல் ஒழுங்காக வந்தது. வெட்டிப் பிரித்து, புது வடிகட்டியை ஒட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் அப்படியே வாங்க ஆரம்பித்தார். காயினைக் கொடுத்துக் கடைக் கூப்பன் வாங்குவது, அந்தக் கூப்பனில் துவரம்பருப்பு, சோப்பு, போன் ரீசார்ஜ் வாங்குவது. ஒருமுறை பார்த்தால் ரீசார்ஜைவிடக் காயினை அனுப்பிய கட்டணம் அதிகம். காலையில் வாங்கி வைத்த காயின் சாயங்காலம் விலை இறங்கியிருக்கும். "பருப்பு வாங்கறதுக்குள்ள காசே இளைச்சுப்போகுதுங்களே" என்றால் சத்தமில்லாமல் சிரிப்பார். தோள்தான் குலுங்கும்.

எங்கள் மில் ஆடிட்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சட்டப்படி, அதைக் குடுத்து சோப்பு வாங்கினாலும் ஒரு சொத்த வித்த மாதிரி கணக்கு வருமுங்க. ஒவ்வொண்ணுக்கும் வரி பார்க்கோணும். இத எதுக்குங்க மேடம் மளிகைக்கெல்லாம்?"

எதற்கு என்று எனக்குத் தெரியும். தெருமுனைக் கடைக்குப் போனால் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். இவர் பலகையில் எழுத வேண்டும், பின்னால் நிற்கிறவர்கள் கழுத்தைப் பார்ப்பார்கள். ஆடிட்டரிடம் அதைச் சொல்லவில்லை.

பங்குனி வாக்கில், வடிகட்டி விலை ஏறப்போகிறது என்று குழுவில் பேசிக்கொண்டார்களாம். ஒரேயடியாக ஒரு வருடத்திற்கு வாங்கிப்போடலாம் என்று முடிவு செய்தார். ஆபீஸைக் கைமாற்றியபோது வந்த பணத்திலிருந்து ஒரு பெரிய பங்கை எடுத்துக் காயினாக்கினார். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்களேன் என்றேன். இத்தனை தடவை வந்திருக்கிறதே என்று எழுதினார். அதுவும் நியாயம்தான்.

அந்தக் கடைக்கு ஒரே முகவரிதான். ஒவ்வொரு முறையும் காசு போய்வந்த பழைய பட்டியலிலிருந்து அதை எடுத்து, முதல் சில எழுத்தையும் கடைசி சில எழுத்தையும் சரிபார்த்து அனுப்புவார். இந்தப் பட்டியல் உலகத்தில் யாரும் பார்க்கக்கூடியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எவனோ அதைப் பார்த்து, முதலிலும் கடைசியிலும் அதே எழுத்துகள் வருகிற மாதிரி இன்னொரு முகவரியை உண்டாக்கி, அதிலிருந்து இவருக்கு ஒன்றுக்கும் உதவாத சில்லறையை அனுப்பியிருக்கிறான். அந்த முகவரி இவர் பட்டியலில் மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. இவர் அதை எடுத்தார், தலையையும் வாலையும் பார்த்தார், அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்துக் கடையிலிருந்து, பணம் வரவில்லை என்று செய்தி வந்தது. நான் மில்லிலிருந்து வந்தபோது கூடத்தில் நாற்காலியில் இருந்தார். மின்விசிறிகூடப் போடவில்லை. பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. போனை நீட்டி, இரண்டு முகவரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டினார். நடுவில் இருக்கும் எழுத்துகள் எல்லாமே வேறு.

"சரி விடுங்க, போனாப் போகுது" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, அது போய்விட்டது என்று அவர் நம்பவில்லை.

என்னைப் பேசச் சொல்லிச் சைகை செய்தார். யாரிடம் பேசுவது? ஆப்பின் உதவிப் பக்கத்தில் போன் நம்பர் இல்லை. கேள்வி கேட்டால் முன்பே எழுதிவைத்த பதில் ஒன்று வந்தது. நடந்துமுடிந்த பரிமாற்றத்தைத் திரும்பப் பெற இயலாது, சிரமத்திற்கு வருந்துகிறோம். மறுபடி கேட்டேன், அதே வரி வந்தது. மனிதர் யாராவது பேச முடியுமா என்று கேட்டேன், அதற்கும் அதே வரி. அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

போலீசில் சைபர் பிரிவுக்குப் போனோம். எழுத உட்கார்ந்த பெண் காவலர் பொறுமையானவர்.

"யாருக்கு அனுப்புனீங்க சார்?"

இவர் பலகையில் எழுதினார்: "கடைக்குன்னு நினைச்சு வேற ஆளுக்கு."

"அந்த ஆளு யாரு?"

"தெரியாது."

"எந்த ஊரு, எந்த நாடு, ஒரு போன் நம்பர், ஒரு பேர், ஏதாவது இருக்குதா சார்?"

இவர் அந்த நீண்ட முகவரியைக் காட்டினார். அந்தப் பெண் அதை ஒவ்வொரு எழுத்தாகத் தன் கணினியில் அடித்தார். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்று என்னிடம் கேட்டுக் கேட்டு அடித்தார். முடித்துவிட்டு, "மேல அனுப்பி வைக்கிறோம்மா. ஆனா உங்களுக்கு நம்பிக்கை குடுக்க மாட்டேன்" என்றார். நாங்கள் எழுந்தபோது அவரும் எழுந்து இவருக்கு வணக்கம் வைத்தார். அது அந்த நேரத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய மரியாதை.

அந்தக் காசு எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும். அதுதான் கொடுமை. திருடன் வீட்டுச் சாவி இல்லை, ஆனால் ஜன்னல் திறந்தே இருக்கிறது. சில நாள் அந்த முகவரியிலேயே அசையாமல் கிடந்தது. பிறகு துண்டு துண்டாகப் பிரிந்து வேறு முகவரிகளுக்குப் போனது. இவர் காலையில் எழுந்ததும் போனை எடுத்து, ஒவ்வொரு துண்டும் எங்கே போகிறது என்று பார்ப்பார். ஒரு காலத்தில் லாரிகளைப் பின்தொடர்ந்த மாதிரி. ஆனால் லாரியில் ஒரு டிரைவர் இருப்பான், கூப்பிட்டால் எடுப்பான். "பார்க்காதீங்க மாமா" என்று போனைப் பிடுங்கி வைத்தேன். கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

என் சம்பளத்தில் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வடிகட்டி வரவழைத்தேன். அதை அவர் தினமும் மாற்றவில்லை. ஒன்றையே கழுவிக் காயவைத்துத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டார். கழுவினால் பஞ்சு வீணாகிவிடும். தெரிந்தும் செய்தார். நான் மில்லுக்குப் போன பிறகு அதையும் எடுத்துவிட்டு ஈரத்துணியைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்வீட்டுக்காரம்மா பிற்பாடு சொன்னார். சித்திரை வெயில். மெயின் ரோட்டில் லாரிகள் போகப் போக வாசல் முழுக்கப் புழுதி. இருமல் பிடித்தது. இருமினாலும் சத்தம் வராது, உடம்பு மட்டும் தூக்கிப் போடும். துணியில் இரத்தம் பார்த்த அன்று வாடகைக் கார் வைத்துச் சேலத்திற்குக் கூட்டிப்போனேன்.

நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது என்றார் டாக்டர். அவரைத் தனியாகப் பிடித்து, வடிகட்டி சரியாகப் போடாததால்தானா என்று கேட்டேன். "இல்லீங்கம்மா. இது அந்த நோயோட வேல. தூசியினால சளி ஏறும், இது வராது" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் அந்தச் சளி கடைசி மாதங்களை இன்னும் கடினமாக்கியிருக்குமே என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. இன்னும்தான்.

வார்டில் ஒரு மதியம் பலகையைக் கேட்டார். "நீ அப்பவே சொன்ன" என்று எழுதினார். நான் அதை அழித்துவிட்டேன். மறுபடி வாங்கி, "யாரும் கேக்காம, யாரும் பார்க்காம, ஒரு சாமான் வாங்கறது எனக்கு நல்லா இருந்துச்சு" என்று எழுதினார். அதை நான் அழிக்கவில்லை. நர்ஸ் வந்து ஏதோ அளவு கேட்க, அதை எழுதிக் காட்டுவதற்காக அவராகவே அழித்தார்.

ஆடி மாதம் போய்விட்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தம்பியை விட்டு அந்தக் கடைக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லியிருந்தேன். பணம் கேட்டு அல்ல, கடனாகவாவது கொஞ்சம் வடிகட்டி அனுப்புவார்களா என்று. பதில் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடி மில்லுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு பெட்டி வந்தது. உள்ளே நிறைய வடிகட்டிகள். கட்டணம் இல்லை என்று மட்டும் ஒரு சீட்டு. எங்கேயோ ஒரு மனிதர் படித்திருக்கிறார். தம்பி நன்றி எழுதினான். என் கணவர் இறந்துவிட்டதை எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

பெட்டியைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். அங்கே பேச்சுப் பயிற்சி அறைக்கு வெளியே, கழுத்தில் துணி கட்டிய ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மேச்சேரிப் பக்கம், ஆடு வளர்க்கிறவர்கள். நர்ஸ் என்னை அவர்களிடம் கூட்டிப்போய் விட்டார்.

"பட்டியத் தொறந்து உட்டா ஆடு பாட்டுக்குப் போயிருதுங்க" என்றார் அந்தம்மா. "இவரு ஒரு சத்தம் குடுத்தாத் திரும்பும். எஞ்சத்தத்துக்குத் திரும்ப மாட்டேங்குது."

அந்தம்மாவின் கணவர் வெட்கத்துடன் கீழே பார்த்தார். ஒரு வடிகட்டியை எடுத்து எப்படி ஒட்டுவது என்று காட்டினேன். என் கணவருக்கு ஒட்டிப் பழகிய கை.

"இது தீந்துபோச்சுன்னா எங்க வாங்கறதுங்க? காசு எப்படிக் கட்டறது?" என்று கேட்டார் அந்தம்மா.

கடையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது படித்தவர்களை வைத்துப் பேங்கு மூலமாகவே கட்டுங்கள், கேள்வி கேட்டால் கேட்கட்டும், எரிச்சலாகத்தான் இருக்கும் என்றேன். காயினில் கட்டினால் விலை குறையும் என்பதையும் சொன்னேன். மறைப்பது சரியாகப் படவில்லை. "ஆனா அதுல கை தவறிப்போச்சுன்னா கேக்கறதுக்கு ஆளு இல்லீங்க" என்றேன்.

அந்தம்மாவுக்குப் பாதி புரிந்தது. தலையாட்டிக்கொண்டே பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "உங்க ஊட்டுக்காரரு இப்ப எப்படிங்க இருக்காரு? நல்லாப் பேசறாருங்களா?" என்று கேட்டார்.

"அவரு தவறிட்டாருங்க" என்றேன்.

பெட்டியின்மேல் இருந்த அவர் கை அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த தன் கணவரைப் பார்த்தார். அவர் நாங்கள் பேசியதைக் கவனிக்கவில்லை. புதிதாக ஒட்டிய வடிகட்டியில் விரலை வைத்து அழுத்தி, மூச்சு இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா பெட்டியை பெஞ்சில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூப்பிடும்வரை விடவில்லை.